கோரில்லா ஃபால்ஸ்: மறைத்து வைப்பதால் காட்டும் ஒரு நடைபாதை

டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவில் கிளிமஞ்சாரோ சஃபாரி வண்டியை விட்டு இறங்கி வெளியே வரும் வழியை ஒட்டி அந்தப் பாதை தொடங்குகிறது. வரிசை கிடையாது, காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் பலகை கிடையாது, ஏறி உட்கார எதுவும் கிடையாது. அதனால் பலர் அதைப் பார்த்தும் பார்க்காமல் அடுத்த ரைடை நோக்கிப் போய்விடுகிறார்கள். நுழைகிறவர்களிலும் சிலர் பத்தே நிமிடத்தில் மறுமுனைக்கு வந்து, "ஒரு கோரில்லாவின் முதுகைப் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவை அடுத்துள்ள டிஸ்னி அனிமல் கிங்டமில் மிக நுட்பமாகத் திட்டமிடப்பட்ட இடங்களில் ஒன்று இந்த கோரில்லா ஃபால்ஸ் நடைபாதை. அதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

1998 ஏப்ரல் 22, புவி நாளன்று பூங்கா திறந்தபோதும் இதற்கு இதே பெயர்தான். சிறிது காலத்தில் பங்கானி காட்டுப் பாதை என்று மாற்றினார்கள். 2016-ல் பழைய பெயர் திரும்பி வந்தது. பழைய பயணக் கையேட்டில் பங்கானி என்று இருந்தால் அதுவும் இதே இடம்தான். பங்கானி என்பது தான்சானியாவில் இந்தியப் பெருங்கடலில் கலக்கும் ஓர் ஆற்றின் பெயரும்கூட.

இங்கே விலங்குகளைக் காட்டுவதற்குச் செலவான உழைப்பைவிட மற்றவற்றை மறைப்பதற்குச் செலவான உழைப்பு அதிகம். சுவர், அகழி, மின்கம்பி, இரவுக் கொட்டில், வடிகட்டி அறை, எதிர்ப்பக்கம் நிற்கும் மற்ற பார்வையாளர்கள் என எல்லாம் கண்ணுக்குப் படாமல் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எது எங்கே, எதற்காக மறைந்திருக்கிறது என்று புரிந்துவிட்டால், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

கம்பிக் கூண்டிலிருந்து காட்டுக்கு

விலங்கைக் கம்பிக்குப் பின்னால் அடைக்காமல் அகழிக்கு அப்பால் விடலாம் என்ற யோசனைக்கு ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக் 1896-ல் காப்புரிமை பெற்றார். 1907-ல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த விலங்குப் பூங்காவில் அது முழு உருவம் பெற்றது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் புலிக்கும் நமக்கும் நடுவே கம்பி இல்லாமல் பள்ளம் மட்டும் இருக்கிறதே, அதன் மூதாதை அந்த ஹாம்பர்க் தோட்டம்தான்.

ஆனால் ஹாகன்பெக்கின் பூங்காவில் விலங்கு மேடையில் இருந்தது, மனிதர் அரங்கில் இருந்தார். இந்தப் பிரிவை உடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள உட்லண்ட் பார்க் உயிரியல் பூங்கா. ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனம் அங்கே 1970-களில் வகுத்த திட்டப்படி, பார்வையாளரும் அதே காட்டுக்குள் நிற்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செடி, ஒரே மண், ஒரே பாறை. பாதை நேராக ஓடக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு காட்சிதான் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் தெரியக் கூடாது. விலங்கு நம் கண்மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஏனென்றால் குனிந்து பார்க்கும் எதையும் மனிதர்கள் மதிப்பதில்லை. இந்த விதிகளின்படி அமைந்த கோரில்லா வளாகம் 1979-ல் அங்கே திறக்கப்பட்டது. இன்று உலகெங்கும் நல்ல விலங்குப் பூங்காக்கள் பின்பற்றும் இலக்கணம் இதுதான்.

ஜோ ரோட் தலைமையிலான டிஸ்னி வடிவமைப்புக் குழு இதன்மேல் ஒரு கதையையும் போர்த்தியது. ஹராம்பே என்ற கற்பனை ஊர், அதன் எல்லையில் ஒரு காப்புக்காடு, அதற்குள் ஆய்வாளர்கள் நடந்து பழகிய தடம். ஊரின் பெயர் கென்யாவின் தேசிய முழக்கமான "ஹராம்பீ"யிலிருந்து வந்தது. எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். ஊரின் கூரைகளை வேய்ந்தவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சூலு கைவினைஞர்கள்.

செடிகொடிகளின் கதை வேறு. ஆப்பிரிக்க மழைக்காட்டுச் செடிகளை அப்படியே கொண்டுவந்து மத்திய ஃபுளோரிடாவில் வளர்க்க முடியாது. குளிர்காலத்தில் சில இரவுகள் வெப்பநிலை உறைநிலைவரை இறங்கும். ஆகவே இலையின் அளவு, தொங்கும் விதம், நிழலின் அடர்த்தி ஆகியவற்றில் ஆப்பிரிக்கச் செடியை ஒத்திருக்கும் வேறு செடிகளை நட்டார்கள். சஃபாரி வெளியில் தட்டையான குடைபோல் நிற்கும் 'அகேசியா' வேலமரங்களில் பல, உண்மையில் கத்தரித்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க லைவ் ஓக் மரங்கள். செடி தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் விலங்குக்குத் தேவை நிழலும் மறைவும்தான். மரத்தின் பிறப்பிடம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

முதல் வளைவுகள்

தொடக்கத்திலேயே தலையை நிமிர்த்திக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள் உச்சிக் கிளைகளில் இருக்கும். கண்மட்டத்தில் தேடுகிறவர்கள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். கொலோபஸுக்குக் கட்டைவிரல் கிடையாது, அந்த இடத்தில் ஒரு சின்ன முண்டு மட்டும் உண்டு. நான்கு விரல்களையும் கொக்கிபோல் மாட்டித் தாவுவதற்கு அது வசதி. முக்கிய உணவு இலை. அதைச் செரிக்க மாட்டின் வயிற்றைப்போல் பல அறை கொண்ட இரைப்பை இருக்கிறது. செரிமானம் மெதுவாக நடப்பதால் தின்றபின் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். காலையில் தின்னும்போதும் தாவும்போதும் பார்த்தால்தான் குரங்கு. பத்து பதினொரு மணிக்கு மேல் கிளையில் தொங்கும் வெள்ளை வால் மட்டுமே கண்ணில் படும். முழு வெள்ளையாக ஒரு சின்ன உருவம் தெரிந்தால் அது பிறந்து சில வாரமே ஆன குட்டி.

இதே பகுதியில் ஒகாபியும் காட்டுக்குள் வாழும் டைக்கர் மான்களும் வைக்கப்படுவதுண்டு. ஒகாபியின் பின்கால் வரிகளைப் பார்த்து வரிக்குதிரை இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒட்டகச்சிவிங்கியின் உறவு. கரிய நீள நாக்கை வெளியே விட்டு இலையைச் சுருட்டி இழுக்கும்போது அந்த உறவு தெரிந்துவிடும். 1901-ல்தான் விஞ்ஞானம் அதற்குப் பெயர் வைத்தது, அவ்வளவு கூச்சம் கொண்ட விலங்கு. அதன் காடு கிழக்குக் காங்கோவின் இத்தூரி. அங்கேயுள்ள ஒகாபி காப்பகம் 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அடுத்த ஆண்டே போர் காரணமாக ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலுக்குப் போனது.

அடுத்து ஆய்வு நிலையம் போல் அமைத்த அறை. இருட்டாக இருக்கும், கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெட்டிக் காட்டிய சுரங்க வளைகளில், ரோமமே இல்லாத இளஞ்சிவப்பு மோல் ராட்டுகள் ஓடும். எலி என்று முகம் சுளித்துப் போய்விடாதீர்கள். விஞ்ஞானிகளைப் பொறுத்தவரை இந்தப் பாதையிலேயே அதிசயமான உயிர் இதுதான். தேனீக் கூட்டத்தைப்போல் ஒரே ஒரு ராணி மட்டும் குட்டி போடும், மற்றவை உழைக்கும். ஒரு பாலூட்டி இப்படி வாழ்கிறது என்பதை 1981-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ஜெனிஃபர் ஜார்விஸ் நிறுவினார். எலியளவு உடம்பு, ஆயுளோ 30 ஆண்டுகளுக்கு மேல். ஆக்ஸிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாங்கியதை 2017-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ராணியைக் கண்டுபிடிப்பது எளிது. குறுகிய வளையில் இரண்டு எதிரெதிராக வந்தால் அந்தஸ்து கூடியது மேலே ஏறிப் போகும், மற்றது அடியில் பதுங்கும். எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும் நீண்ட உடம்புக்காரிதான் ராணி. உடல் வெப்பத்தைத் தாமாகச் சீராக வைத்துக்கொள்ள இவற்றால் பெரிதாக முடியாது. அதனால் வளையை வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். அவையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்குகின்றன.

பறவைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு. முதல் கதவு முழுதும் சாத்திய பிறகே இரண்டாவதைத் தள்ள வேண்டும். குழந்தை வண்டியோடு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பறவை வெளியேற வழி வகுக்கும் வழக்கமான தவறு. உள்ளே நடந்துகொண்டே தேடினால் நாலைந்து பறவைதான் தெரியும். நீர் ஓரமாக ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் அதைப்போலப் பல மடங்கு தெரியும். எந்தெந்த இனம் இருக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும், உள்ளே படம் போட்ட அட்டைகள் உண்டு. மஞ்சள் நிற டவேட்டா நெசவுக் குருவிகள் நம் தூக்கணாங்குருவியின் குடும்பம். ஆண்தான் கூடு பின்னும், பச்சை நார் பச்சையாக இருக்கும்போதே பெண் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். காய்ந்து பழுப்பேறிய கூட்டை அது ஏற்பது அரிது. நெசவுக் குருவிகளில் சில இனங்களில், யாரும் ஏற்காத கூட்டை ஆணே பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும். கிளையடியில் காய்ந்த நார் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள், மேலே புதிய கூடு இருக்கலாம்.

நீர்யானைத் தொட்டி ஏன் கலங்கலாக இருக்கிறது

நீர்யானையை நீருக்கடியில் காட்டும் கண்ணாடிக்கு முன்னால் வரும் பொதுவான புகார், தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்பது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் போராட்டம் தெரிந்தால் இவ்வளவு தெளிவாக இருப்பதே வியப்பாக இருக்கும்.

நீர்யானை ஒன்றரை முதல் மூன்று டன்வரை எடை போடும். இரவெல்லாம் புல் தின்றுவிட்டு, பகல் முழுக்கத் தண்ணீரிலேயே சாணம் போடும். போடும்போது வாலை விசிறிபோல் அடித்துச் சிதறவைக்கும். அதன் எல்லைக் குறி அது. அரைகுறையாகச் செரித்த புல் நார் தண்ணீரில் மிதந்து வடிகட்டியின் வாயை அடைக்கும். நீச்சல்குளத்து மணல் வடிகட்டியை மட்டும் நம்பினால் அது சில மணி நேரத்தில் திணறிவிடும். ஆகவே முதலில் சுழலும் சல்லடைகளில் பெரிய நாரைப் பிரித்து, பிறகு மணல் வடிகட்டிக்கு அனுப்பி, கரைந்திருக்கும் அழுக்கை ஓசோனால் முறிப்பது இத்தகைய தொட்டிகளில் வழக்கம். சல்லடையில் சேரும் நாரைத் தினமும் அள்ளிக் கொட்ட ஆள் வேண்டும். வடிகட்டிய நீரில் நீர்யானையைக் கண்ணாடி வழியே காட்டும் முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒஹாயோவின் டொலிடோ உயிரியல் பூங்கா, 1986-ல். அதற்கு முன் பார்வையாளர்கள் பார்த்ததெல்லாம் சேற்றுநீருக்கு மேல் இரண்டு காது, இரண்டு மூக்குத்துளை.

கோரில்லா ஃபால்ஸ் தொட்டியில் கூட்டமாகத் திரியும் மீன்கள் திலாப்பியா. அழகுக்கு விட்டதென்று நினைக்க வேண்டாம், அவையும் துப்புரவுப் பணியில் பங்கு வகிக்கின்றன. ஆப்பிரிக்க ஆறுகளிலும் மீன்கள் நீர்யானையின் சாணத்தையும் தோல்மேல் படிந்ததையும் மேய்கின்றன.

நீர்யானைக்கு நீந்தத் தெரியாது. எலும்பு கனமானது, மூழ்கி அடித்தளத்தில் கால் ஊன்றி நடக்கும், சமயத்தில் துள்ளி ஓடும். மூச்சுக்காக மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும், தூக்கத்திலும் அனிச்சையாக எழும்பி மூக்குத்துளையைத் திறந்து மூடிவிட்டு மறுபடி அமிழும். இங்கே செய்ய வேண்டியது மிக எளிமையானது: கண்ணாடி முன் வெறுமையாக இருந்தால் கைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். தொட்டியில் நீர்யானை இருக்கிறது என்றால் அதற்குள் அது அசைந்தே தீரும்.

புகைப்படக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பிரதிபலிப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டியை லென்சில் மாட்டிக்கொண்டு வந்தால், அக்ரிலிக் (கண்ணாடிபோன்ற கெட்டிப் பிளாஸ்டிக்) பலகைகளில் வானவில் கறைகள் தோன்றும். பொருளுக்குள் இருக்கும் அழுத்தம் ஒளியைப் பிரிப்பதால் வருவது அது. கழற்றிவிட்டு, லென்சின் விளிம்பைக் கண்ணாடிமேல் ஒட்டிவைத்து எடுப்பதே வழி. சாய்வாகப் பிடித்தால் அக்ரிலிக்கின் கனம் உருவத்தை மங்கலாக்கும், நேர்க்கோணத்தில் பிடியுங்கள்.

அதையடுத்து வரும் புல்வெளி மேடையில் வரிக்குதிரைகளும் பாறைக் குன்றில் கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கட்டுகளும் இருக்கும். மீர்கட்டுகளில் ஒன்று எப்போதும் உயரத்தில் நின்று வானத்தைக் கவனிக்கும். ஃபுளோரிடாவின் கழுகு வகைகள் தலைக்கு மேல் பறக்கும்போது அந்தக் காவல் வெறும் பழக்கமல்ல.

கோரில்லாப் பள்ளத்தாக்கு

பாதை முழுவதும் இங்கே வந்து சேர்வதற்காகத்தான் வளைகிறது. முதலில் கண்ணாடி பதித்த நிழற்கூடம், பிறகு தொங்குபாலம், அதன்பின் பள்ளத்தாக்கின் மறுபக்கம். ஒருபுறம் குடும்பக் குழு: ஒரு வெள்ளிமுதுகு ஆண் (முதுகு ரோமம் வெளுத்த, வளர்ந்த ஆண்), பெண்கள், குட்டிகள். மறுபுறம் ஆண்கள் மட்டுமே உள்ள குழு. இரண்டும் மேற்குத் தாழ்நிலக் கோரில்லாக்கள், மிக அருகிய அழிவுநிலை இனம்.

நிழற்கூடம் ஏன் இருட்டாக இருக்கிறது? பார்ப்பவர் இருட்டிலும் விலங்கு வெளிச்சத்திலும் இருந்தால்தான் கண்ணாடியில் நம் முகம் தெரியாது. உள்ளிருக்கும் கோரில்லாவுக்கும் கூட்டத்தின் அசைவு மங்கலாகவே தெரியும், அதன் மன அழுத்தம் குறையும். கண்ணாடி இன்னொரு வேலையும் செய்கிறது. நம் சளி, காய்ச்சல் கோரில்லாவுக்கு எளிதில் தொற்றும். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கோரில்லாவைப் பார்க்கப் போகிறவர்கள் எட்டுப் பேர் கொண்ட குழுவாக, ஒரே ஒரு மணி நேரம், சில மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்ற விதியின் முக்கியக் காரணமும் அதுவே.

கோரில்லாவுக்கு நீந்தத் தெரியாது, ஆகவே தண்ணீர் அகழி போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் மகோகோ என்ற ஆண் கோரில்லா 1951-ல் அப்படியோர் அகழியில் விழுந்து மூழ்கி இறந்தது. அதன் பிறகு ஆழ நீர் ஆபத்தென்று உணர்ந்து, சுமார் 4 மீட்டர் ஆழமுள்ள வறண்ட பள்ளமும் செங்குத்துப் பாறைச் சுவரும் வழக்கமாயின. அந்தப் பாறைகள் பெரும்பாலும் கம்பி வலைமேல் சிமென்ட் பூசிச் செதுக்கியவை. விரல் பிடிக்க விளிம்பு கிடைக்காதபடி செதுக்குவதில்தான் திறமை இருக்கிறது. அருவியின் இரைச்சல் நம் பேச்சுச் சத்தத்தை விழுங்குகிறது. மரங்களின் பட்டையைக் கோரில்லா உரித்துத் தின்றுவிடும் என்பதால், இத்தகைய வளாகங்களில் மரத்தடியில் பாறை அடுக்குவதும் கொடிகளுக்குள் மெல்லிய மின்கம்பி ஓட்டுவதும் உண்டு.

பள்ளம் எவ்வளவு ஆழமானாலும் நம் பக்கத் தடுப்பு உறுதியாக இல்லாவிட்டால் பயனில்லை. 2016 மே 28 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் 3 வயதுக் குழந்தை ஒன்று சுமார் 3 அடித் தடுப்பைத் தாண்டி 15 அடி கீழே விழுந்தது. குழந்தையைக் காக்க, ஹராம்பே என்ற 17 வயது ஆண் கோரில்லாவைச் சுட நேர்ந்தது. பிறகு தடுப்பை 42 அங்குலமாக உயர்த்தி வலை கட்டினார்கள். படம் எடுப்பதற்காகக் குழந்தையைக் கைப்பிடிமேல் உட்கார வைக்கும் பழக்கத்தை எந்தப் பூங்காவிலும் செய்யக் கூடாது. இதில் ஒரு விலக்கும் இல்லை.

ஆண்கள் மட்டும் உள்ள குழு எதற்கு என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. பிறக்கும் கோரில்லாக்களில் ஏறத்தாழ பாதி ஆண். ஆனால் ஒரு குடும்பத்துக்குத் தேவை ஒரே ஒரு வெள்ளிமுதுகு. காட்டில் வளர்ந்த ஆண் குடும்பத்தை விட்டு விலகித் தனியே அலையும், பெண்களைக் கவர்ந்து புதிய குடும்பம் அமைக்கும். பலவற்றுக்கு அது வாய்க்காமலே போகும். பூங்காவில் அலைவதற்கு இடமில்லை. ஆகவே மிஞ்சும் ஆண்களைச் சிறு வயதிலேயே ஒன்றாக வளர்க்கிறார்கள். வட அமெரிக்கப் பூங்காக்களில் எந்தக் கோரில்லா எங்கே போக வேண்டும், எது இணைசேர வேண்டும் என்பதை உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் இனக்காப்புத் திட்டம் பரிந்துரைக்கிறது. ஆண் குழு நிலைக்கச் சில நிபந்தனைகள் உண்டு: எட்டு வயதுக்குள் சேர்ப்பது நல்லது, பெண்கள் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் இருக்க வேண்டும், முட்டுச்சந்தே இல்லாத நிலம் வேண்டும், அதாவது துரத்தப்படும் ஆண் எந்த மூலையிலிருந்தும் இன்னொரு வழியில் தப்ப முடிய வேண்டும், இரவில் தனித்தனி அறை வேண்டும். பாறைகளும் மேடுகளும் பார்வையை மறைத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். "குறுக்கே பாறை இருக்கிறது, கோரில்லா தெரியவில்லை" என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தப் பாறை இன்னொரு ஆணின் முறைப்பிலிருந்து ஒரு கோரில்லாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

முறைப்பு என்றதும் ஒன்று. கோரில்லாவின் உலகில் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது சவால். கண்ணாடிக்கு அருகில் வெள்ளிமுதுகு உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, பார்வையை அவ்வப்போது தாழ்த்திக்கொள்ளுங்கள். மார்பில் தட்டிக் காட்டுவது, கண்ணாடியைத் தட்டுவது, பல் தெரியச் சிரிப்பது எல்லாமே அதற்குத் தவறான செய்தி. உதட்டை இறுக்கி, கை கால்களை விறைப்பாக வைத்துப் பக்கவாட்டில் நடந்தால் அது எரிச்சலில் இருக்கிறது, கூட்டத்தோடு பின்வாங்குங்கள். மார்பில் அடிப்பது மூடிய முட்டியால் அல்ல, குழித்த உள்ளங்கையால். காட்டில் அந்த ஓசை ஒரு கிலோமீட்டர்வரை கேட்கும். உடல் பெரிய ஆணின் அடி தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதால் பார்க்காமலே எதிரியை எடைபோடலாம். குட்டிகள் அடித்துப் பழகுவதைக் குடும்பக் குழுவின் பக்கம் பார்க்கக் கிடைக்கும், சத்தம் பெரும்பாலும் சரியாக வராது.

முதுகு வெளுக்கத் தொடங்குவது ஏறத்தாழ 12 வயதில். முழு வளர்ச்சிக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். வளர்ந்த ஆண் 140 முதல் 180 கிலோ, பெண் அதில் பாதி. குட்டியின் கருக்காலம் எட்டரை மாதம்.

இந்த உடம்புக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதில் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பூங்காக்களில் வாழும் ஆண் கோரில்லாக்களைக் கொல்லும் முதன்மையான காரணம் இதய நோய். நீண்ட காலம் அவற்றின் தட்டில் சத்து பிஸ்கட்டுகள் இருந்தன. சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறைந்த அந்த உணவு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி நாள் முழுக்கச் செய்ய வேலையில்லாமல், தின்றதை வாந்தியெடுத்து மறுபடி தின்னும் பழக்கம் வந்தது. ஒஹாயோவின் கிளீவ்லாந்து பூங்கா பிஸ்கட்டை நிறுத்திவிட்டு நாளுக்கு நாலரை கிலோ அளவில் கீரை, இலை, காய் கொடுத்தது. ஓராண்டில் இரண்டு ஆண்களும் தலைக்கு ஏறக்குறைய 30 கிலோ குறைந்தன, வாந்தியெடுத்துத் தின்பதும் நின்றது. இன்று நல்ல பூங்காக்களில் இலையும் கிளையும்தான் உணவு. அதையும் ஒரே குவியலாக வைக்காமல் நிலமெங்கும் சிதறிப் போடுகிறார்கள், தேடி நடக்க வைப்பதற்காக. புதிதாகச் சிதறிய வேளையில் நீங்கள் வந்தால் முழுக் குடும்பமும் நடமாடும். அது முடிந்த பிறகு வந்தால் தூக்கம்தான். வேளை தினமும் மாறும். கண்ணாடி அருகே நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்.

கொட்டில் என்ற மறுபாதி

நாம் பார்ப்பது பகல் வீடு. ஒவ்வொரு விலங்கும் இரவில் பின்புறக் கட்டடத்துக்குப் போகிறது. இடிமின்னல், சூறாவளி எச்சரிக்கை, கடுங்குளிர் எதுவானாலும் அங்கேதான் பாதுகாப்பு. ஃபுளோரிடாவில் கோடை மாலைகளில் இடிமழை அன்றாடம்.

150 கிலோ கோரில்லாவை யாரும் துரத்தி அடைக்க முடியாது. ஒலி கொடுத்தால் உள்ளே வா, வந்தால் உணவு என்று பழக்குகிறார்கள். அதே முறையில் மார்பை வலைக்கம்பியில் ஒட்டி நிற்கப் பழக்கி, மயக்க மருந்து இல்லாமலே இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். வாயைத் திறந்து பல்லைக் காட்ட, ஊசிக்குத் தோளைக் கொடுக்கவும் பழக்குவதுண்டு. விரும்பாவிட்டால் விலகிப் போகலாம், தண்டனை கிடையாது என்பது இந்தப் பயிற்சியின் அடிப்படை. இந்த அறிவு பூங்காவுக்கு வெளியேயும் போயிருக்கிறது. கிழக்குக் காங்கோவில் வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்ட அனாதைக் கோரில்லாக்களுக்கான கிரேஸ் மையத்தை அமைக்கவும் அதன் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரவும் டிஸ்னியின் விலங்குப் பிரிவு உதவியது.

இந்தப் பூங்காவின் தொடக்கம் சுமுகமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1998-ல் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் பல விலங்குகள் இறந்தன; அவற்றில் சிவிங்கிப்புலிக் குட்டிகள் எத்திலீன் கிளைக்கால் (வண்டி எஞ்சின் குளிர்விப்புத் திரவத்தில் சேரும் வேதிப்பொருள்) நஞ்சுக்குப் பலியாயின, கொண்டைக் கொக்குகள் வண்டியில் அடிபட்டன. அமெரிக்க வேளாண் துறை விசாரித்து, சட்டமீறல் இல்லை என்றது. பூங்காவுக்குள் பலூன் விற்காததும், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் குவளை மூடியும் கொடுக்காததும் சிலருக்குத் தொந்தரவாகத் தெரியலாம். காற்றில் பறந்து வளாகத்துக்குள் விழும் ஒரு மூடி, அதை விழுங்கும் விலங்கின் குடலை அடைத்துவிடும்.

எப்போது போவது? பாதை திறந்ததும் நுழைவது சிறந்தது: வெயில் ஏறாது, கொலோபஸ் மேயும், கண்ணாடி முன் இடம் கிடைக்கும். சஃபாரியை முடித்துவிட்டு வருகிற கூட்டம் முற்பகலில் சேரும். நடுப்பகல் மோசமான வேளை. மழை ஓய்ந்த உடனே வருவது பலருக்குத் தெரியாத வாய்ப்பு, குளிர்ந்த காற்றில் எல்லா விலங்கும் எழுந்து நடக்கும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் முழுதும் போகும். தொங்குபாலத்தில் மட்டும் அசைவு இருக்கும்.

விலங்குகள் இருட்டுவதற்கு முன் கொட்டிலுக்குப் போக வேண்டும் என்பதால், பூங்கா இரவுவரை திறந்திருந்தாலும் இந்தப் பாதையின் கதவு முன்னதாகவே மூடும்; குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். காலையிலேயே அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் பாலத்தில் நிற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வெள்ளிமுதுகு தின்பதை விட்டுவிட்டு, பார்வையாளர்கள் பக்கம் திரும்பாமல், ஒரே பாறை முகட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கதவு அந்தப் பாறைக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரவு உணவுக்கான அழைப்பை அது எதிர்பார்த்திருக்கிறது.